மெஷின் அனுப்பாத படம்

ஒரகடத்தில் தயாராகிற சாமானை எக்ஸ்ரேயில் பார்த்தால் பாதிக்குப் பாதி வெடிகுண்டு மாதிரிதான் தெரியும். பேட்டரி, வயர், சர்க்யூட் போர்டு, பசை டப்பா. இவற்றைத் தவிர இந்தப் பக்கத்துக் கம்பெனிகள் வேறென்ன அனுப்புகின்றன? இதில் எது குண்டு, எது குண்டு இல்லை என்று பார்த்துச் சொல்வதற்காக எங்கள் ஷெட்டில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். எட்டு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் இசக்கிசெல்வி.

விமானத்தில் ஏறுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. அவர்களிடம் பெல்ட்டைக் கழற்று, தண்ணீரைக் கொட்டு, கையைத் தூக்கு என்று ஆயிரம் சொல்வார்கள். ஆனால் அவர்கள் காலுக்குக் கீழே, அதே விமானத்தின் வயிற்றில், எங்கள் பெட்டிகள் போகும். அந்தப் பெட்டிகளுக்கு ஒரகடத்திலேயே சோதனை முடிந்து சீல் விழுந்துவிடும். சீலுக்குப் பொறுப்பு இசக்கிசெல்வி. அவள் சரி என்றதும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் நான். என் பெயர் தமிழ்வாணன், ஊர் வடக்குப்பட்டு. எனக்குப் படிப்பும் குறைவு, பொறுமையும் குறைவு. அதனால்தான் ஸ்டிக்கர் ஒட்டுகிறேன்.

அவளுக்கு இரண்டும் உண்டு. நாங்குநேரிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். டிப்ளமோ முடித்துவிட்டு இருபது வயதில் சுங்குவார்சத்திரத்துக்கு வந்து, ஒரு அறைக்கு எட்டுப் பேர் படுக்கிற ஹாஸ்டலில் இருந்துகொண்டு, போன் கம்பெனியில் லைனில் நின்றாள். அம்மா போய்ச் சேர்ந்தபோது தங்கை சுகப்பிரியாவுக்குப் பதினோரு வயது. தங்கையின் படிப்பு முழுக்க இவள் சம்பளம்தான். நின்று நின்று முட்டி போனதும், உட்கார்ந்து பார்க்கிற வேலை இருக்கிறதென்று யாரோ சொல்ல, பரீட்சை எழுதி எங்கள் ஷெட்டுக்கு வந்தாள். வந்த முதல் வாரம் அவள் பேசிய மொத்த வார்த்தைகளை இரண்டு கையில் எண்ணிவிடலாம். அத்தனை கவனம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று சொல்வார்களே, அதை நான் நேரில் பார்த்தது அவளிடம்தான்.

திரை இருக்கிற அறை சின்னது. விளக்கை அணைத்துத்தான் வைத்திருப்பார்கள். ஏசி எலும்பைத் துளைக்கும். பெட்டிக்குள் இருக்கிற இரும்பு நீலமாகத் தெரியும், துணி, மாவு, மரம் போன்றவை ஆரஞ்சாகத் தெரியும், இரண்டுக்கும் நடுவில் உள்ளவை பச்சை. இருபது நிமிஷத்துக்கு மேல் ஒருவரே பார்க்கக் கூடாதென்று விதி. இருபது நிமிஷம் ஆனதும் எழுந்து வெளியே வருவாள். வெளியில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நிற்பாள்.

அந்த மெஷினில் ஒரு ஏற்பாடு உண்டு. முதலில் எனக்கு யாரோ அதைச் சொன்னபோது விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். பார்க்கிறவர் விழிப்பாக இருக்கிறாரா என்று சோதிக்க, மெஷின் தானாகவே அவ்வப்போது ஒரு பொய்ப் படத்தைப் பெட்டிக்குள் சேர்த்துவிடும். பெட்டியில் வெறும் கார் கண்ணாடி இருக்கும், திரையில் கண்ணாடிக்கு நடுவே ஒரு துப்பாக்கி தெரியும். பார்த்தவுடன் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். உடனே துப்பாக்கி மறைந்துவிடும். ‘இது பொய்ப் படம், சரியாகப் பிடித்தீர்கள்’ என்று ஒரு வரி வரும். அந்த வரி வராவிட்டால் பெட்டிக்குள் நிஜமாகவே ஏதோ இருக்கிறது, பெட்டியை நிறுத்தி உடைத்துப் பார்க்க வேண்டும். இதுதான் விதி.

எட்டு வருஷத்தில் அந்தப் பொய்ப் படங்களெல்லாம் இவளுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டன. மொத்தமே ஐம்பது அறுபது படம்தான் அதற்குள் இருக்கிறது. துப்பாக்கிக்குப் பெரியவர் என்று பெயர் வைத்தோம். வளைந்த கத்தி மாப்பிள்ளை. வயர் சுற்றிய குழாய்க் குண்டு சம்பந்தி. ‘மாப்பிள்ள வந்துட்டாருண்ணே’ என்று உள்ளே இருந்து குரல் வரும், நாங்கள் சிரிப்போம். மாதம் தவறாமல் அவளுக்குத்தான் அதிக மார்க். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. சான்றிதழைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

இங்கேதான் ஒரு பழக்கம் எங்களை அறியாமல் வந்து ஒட்டிக்கொண்டது. யாரும் சொல்லித் தரவில்லை. காலையில் லாரி ஒன்பதரைக்குக் கிளம்ப வேண்டும். பெட்டி ஒன்றுக்கு நாலு செகண்டுக்கு மேல் கிடையாது. வந்திருப்பது பெரியவர் என்று பார்த்தவுடனே தெரிகிறது. அப்புறம் எதற்கு அந்த வரி வருகிறவரை காத்திருப்பது? அதனால் ஒரு விரலால் சிவப்புப் பொத்தான், அடுத்த விரலால் பெல்ட்டை ஓட்டுகிற பொத்தான், இரண்டும் சேர்ந்து டக்டக். தட்டிய வேகத்தில் வரி வந்ததா வரவில்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. பெட்டி என் பக்கம் வந்துவிடும், நானும் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவேன். அவள் மட்டுமல்ல, அந்த நாற்காலியில் உட்கார்ந்த எல்லோரும் அப்படித்தான்.

போன ஆடியில் அவளுக்கு வேறொன்று தொடங்கியது. ஸ்டாஃப் பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர்களின் பையைப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரிகிறதென்றாள். டிபன் பாக்ஸ் நீலம், சோறு ஆரஞ்சு. நான் சிரித்தேன், சினிமாவில் சேரச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஒருநாள் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் ஒரு கிழவர் மடியில் வைத்திருந்த மஞ்சள் பைக்குள் மாப்பிள்ளை இருந்தாராம். அவள் விரல்கள் தானாகவே தொடையில் தட்டினவாம். தட்டினாள், ஆனால் அது மறையவில்லை. கிழவர் அவளையே பார்த்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாராம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லி நான் பேச்சை மாற்றினேன். ஆனாலும் அதற்குப் பிறகு என் சாப்பாட்டுப் பையை அவள் பார்வை படும்படி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

சுகப்பிரியாவுக்கு மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. பதினாலாம் தேதிக்குள் சேர வேண்டும், சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். பன்னிரண்டாம் தேதி மாலை ஐந்தரைக்கு விமானம். இரண்டு நாள் முன்னாலேயே வந்து அக்காவின் அறையில் தங்கியிருந்தாள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. நீ போகிற பிளேனில்தான் என் பெட்டியும் வருகிறது, என் சீலுக்கு மேலேதான் நீ உட்காரப் போகிறாய் என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். அன்று காலை மஸ்கட் சரக்கு அறுபத்து மூன்று பெட்டி. அவள் பார்த்தாள், நான் ஒட்டினேன். லாரி ஒன்பதரைக்குச் சொன்னபடி கிளம்பியது.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. முடிந்ததும் மெஷின் ஒரு பட்டியல் அடித்துத் தரும், அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். யாரும் படிப்பதில்லை. இசக்கிசெல்வி படித்தாள். திரும்ப ஒரு தடவை படித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, விரலை ஒரு இடத்தில் வைத்துக் காட்டினாள்.

மெஷின் அனுப்பிய பொய்ப் படம் பதினொன்று. அவள் சிவப்புப் பொத்தானை அமுக்கியது பன்னிரண்டு தடவை. மிச்சமான ஒன்று நாற்பத்தோராவது பெட்டிக்கு நேரே பதிவாகியிருந்தது.

எனக்கு உடனே புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. ஒரு தடவை, மெஷின் எதையும் அனுப்பாதபோது, அவள் எதையோ பார்த்திருக்கிறாள். பார்த்து, டக்டக் என்று தட்டி, அனுப்பியும் விட்டாள்.

“நாப்பத்தோராவது பெட்டிண்ணே. பெரியவர்தான். வாய் கீழ பாத்து இருந்துச்சு. நல்லா நெனவு இருக்கு.”

ஷிஃப்ட் இன்சார்ஜ் அமலா மணிமங்கலத்துக்காரி. நல்ல மனுஷிதான், ஆனால் மாதக் கடைசியில் அவளும் மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். பட்டியலைப் பார்த்துவிட்டு, “மெஷின் தப்பா எண்ணிக்கினு கீது. சைன் போட்டுட்டு வூட்டுக்குப் போ செல்வி” என்றாள். ஒரு படத்தை இரண்டு தடவை அமுக்கியிருப்பாய், ராத்திரி தங்கையோடு பேசிக்கொண்டே தூங்காமல் வந்திருப்பாய் என்றும் சொன்னாள். வெளியில் தெரிந்தால் இசக்கிசெல்வியின் லைசென்ஸ் போய்விடும், ஷெட்டையே மூடினாலும் மூடுவார்கள் என்றாள். அதெல்லாம் உண்மை.

நானும் அமலா பக்கம்தான் பேசினேன். அந்தப் பெட்டியில் என் ஸ்டிக்கர் இருக்கிறது. என்னைக் கூப்பிட்டால் நான் என்ன சொல்வேன்? அவள் சொன்னாள், ஒட்டினேன் என்றா? இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இருந்தது பயம் மட்டும்தான்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். மணி இரண்டே கால். தங்கை அந்நேரம் ஏர்போர்ட்டில் இருப்பாள். அவளை மட்டும் ஏறாதே என்று சொல்லி நிறுத்தலாம். யாருக்கும் தெரியாமல் காரியம் முடிந்துவிடும். நான் அதைத்தான் செய்யச் சொன்னேன்.

“அவ மட்டும் இறங்கிட்டா போதுமாண்ணே?” என்று கேட்டாள். அவசரத்துக்கென்று சுவரில் ஒரு நம்பர் எழுதியிருக்கும், தூசி படிந்து பாதி அழிந்த நம்பர். அதைக் கையால் துடைத்துவிட்டுப் போன் போட்டாள். பெயர், பெட்டி நம்பர், விமானம் எல்லாம் நிதானமாகச் சொன்னாள். கடைசியில், “நான் பாத்தேன் சார். பாத்துட்டு விட்டுட்டேன்” என்றாள்.

எங்கள் மூன்று பேரையும் உடனே ஏர்போர்ட்டுக்கு வரச் சொன்னார்கள். அமலாவின் காரில் போனோம். தாம்பரம் சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டரில் ஒரு பெண் முன்னால் பெரிய பையோடு நின்றாள். இசக்கிசெல்வி அந்தப் பையைப் பார்த்தாள், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்ன பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. பச்சை விழுந்து அந்த ஸ்கூட்டர் கண்ணுக்கு மறைகிறவரை நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சரக்குக் கட்டிடத்தில் நாற்பத்தோராவது பெட்டியை ஒரு கூண்டுக்குள் தனியாக வைத்திருந்தார்கள். நாய் வந்து மோந்துவிட்டுப் போயிருந்தது. முழுக் கவசம் போட்ட ஒருவர் பெட்டியைப் பிரித்தார். உள்ளே கார் வயர்க் கட்டுகள், வரிசையாக இருபது. ஒவ்வொன்றாக எடுத்து வெளியில் வைத்தார். அட்டையைக் கிழித்தார். துப்பாக்கி இல்லை. துப்பாக்கி மாதிரிகூட எதுவும் இல்லை.

பிறகு ஷெட்டில் பதிவான படத்தை அங்கிருந்த திரையில் போட்டார்கள். நாற்பத்தோராவது பெட்டி, காலை எட்டு பத்து. வயர், வயர், வயர். சுத்தமான படம்.

இசக்கிசெல்வி எழுந்துபோய்த் திரைமேல் உள்ளங்கையை வைத்தாள். “இங்கதான் இருந்துச்சு” என்றாள். அவள் குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். அமலா போய் மெதுவாகப் பிடித்து உட்கார வைத்தாள். சரி, தொல்லை தீர்ந்தது; இவளுக்கு மயக்கம், தூக்கமின்மை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நான் மூச்சு விட்டேன்.

அதுவரை மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் அப்போதுதான் எழுந்தார். ஒல்லியான ஆள், சாதாரண வெள்ளைச் சட்டை. அவர் சோதனைகளைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டராம். இந்தப் பெட்டிக்காக வரவில்லையாம். இல்லாத ஒரு கம்பெனி பெயரில் முந்தின நாள் எங்கள் ஷெட்டில் அவரே ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார். விமானத்தில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் காலையிலிருந்து காத்திருக்கிறார். பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். ஐம்பத்திரண்டு. என் ஸ்டிக்கர், கொஞ்சம் கோணலாக, நான் ஒட்டுகிற மாதிரியே.

கத்தியால் கீறித் திறந்தார். மேலே சர்க்யூட் போர்டுகள் ஒரு அடுக்கு. அதற்குக் கீழே பிசைந்த மாவு போல ஒரு கட்டி, அதில் செருகிய இரண்டு கம்பி, ஒரு பழைய போன். வெடிக்காத பொம்மைதான். மற்றபடி எல்லாம் நிஜத்தில் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே மறைத்தது நாங்கள் தினமும் பரிமாறுகிற சோற்றிலேயே.

அந்தப் படத்தையும் திரையில் போட்டார்கள். அவர் கோபப்படவே இல்லை. “நிதானமா பாருங்கம்மா, நேரம் இருக்கு” என்றார். அவள் பார்த்தாள். எட்டு வருஷம் பார்த்த கண். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். ஒன்றும் தெரியவில்லை என்று தலையை ஆட்டினாள். அவர் விரலை நீட்டி ஓர் ஆரஞ்சு நிழலின் ஓரத்தைத் தொட்டு, மெல்ல வரைந்து காட்டினார். ஆமாம் என்றாள். எனக்கும் தெரிந்தது. அவர் விரலை எடுத்தார். எங்கள் இரண்டு பேருக்கும் மறுபடி வெறும் சர்க்யூட் போர்டுதான் தெரிந்தது.

இல்லாததைப் பார்த்திருக்கிறாள், இருந்ததைப் பார்க்கவில்லை. அவளுக்கு அது உறைத்ததை நான் அவள் முகத்தில் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. இன்ஸ்பெக்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

எங்கள் லாரியில் வந்த மற்ற பெட்டிகளை அங்கேயே திரும்பச் சோதிக்கச் சொன்னார்கள். விமானம் ஒரு மணி நேரம் தாமதம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் பெண் திரைமுன் உட்கார்ந்தாள். பெட்டிகள் ஓடத் தொடங்கின. இசக்கிசெல்வி கண்ணாடிக்கு அருகே போய் நின்றாள், திரையைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பத்தாவதோ பதினோராவதோ பெட்டி வந்தபோது அந்தப் பெண்ணின் இரண்டு விரல்கள் சேர்ந்து தட்டின. பெட்டி நிற்காமல் போயிற்று.

கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. சரக்கு சுத்தம், ஏற்றலாம் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டார்.

அப்போது அவள் போன் அடித்தது. சுகப்பிரியா. அந்த இடத்தில் அத்தனை அமைதி, அதனால் தங்கை பேசுவது எனக்கும் கேட்டது. பிளேன் லேட்டாம், என்னவோ பெட்டிப் பிரச்சினையாம், எல்லோரும் ஒருமாதிரி பேசிக்கொள்கிறார்களாம். அவளுடைய தேங்காய் எண்ணெயைக்கூட எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள், அவ்வளவு செக்கிங் என்றாள். கொஞ்சம் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“ஏறட்டுமாக்கா? நீ சொன்னா ஏறுதேன்.”

இசக்கிசெல்வி கண்ணாடிக்கு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இளம் பெண் எழுந்து கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றாள். ஏறாதே என்றால் பதினாலாம் தேதி போய்விடும். ஏறு என்றால் எதை நம்பி அதைச் சொல்வது? நான் அவளாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“ஏறு. எல்லாம் நல்லா பாத்துட்டாவ. நானும் இங்க நின்னு பாத்தேன்” என்றாள்.

பேச்சு முடிந்த பிறகும் போன் வெகுநேரம் அவள் காதிலேயே இருந்தது.

அன்று நள்ளிரவு தாண்டிச் சுகப்பிரியா போய் இறங்கிவிட்டதாகச் செய்தி அனுப்பினாள். ஆஸ்பத்திரி வேன் வந்ததாம், அறை நன்றாக இருக்கிறதாம். இசக்கிசெல்வியின் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு அவளுக்கு நாலு நாள் வகுப்பு போட்டார்கள். வகுப்பில் முப்பது புதுப் பொய்ப் படங்களைக் காட்டினார்களாம். முதல் நாளே முப்பதும் மனப்பாடம் ஆகிவிட்டது, பரீட்சையில் நூற்றுக்கு நூறு. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் காலை அவள் ஷெட் வாசலில் நின்றிருந்தாள். உள்ளே போகவில்லை. தங்கை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தேன். எனக்கு ஏதோ விடை தெரியும் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

“எட்டு வருசம் ஒண்ணும் ஆகலண்ணே. சுகப்பிரியாவும் பத்திரமா போய்ச் சேந்துட்டா. அது நாம பாத்ததாலயா, இல்ல, யாரும் எதுவும் வைக்காததாலயா?”

உள்ளே அமலா எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். முதல் லாரி வந்து நின்றிருந்தது.